மூழ்கிய துறைமுக நகரத்தைத் திரும்பக் கட்டுவதா? ஒரு எளிய விளக்கம்

மாரி மழை மூன்று நாள் விடாமல் பெய்தால் யாழ்ப்பாணத்தில் ஒரு கேள்வி கட்டாயம் காதில் விழும். பொம்மைவெளியிலோ நாவாந்துறையிலோ முழங்கால் தண்ணீரில் நிற்கிற வீடுகளின் படம் யாரோ ஒருவரின் போனுக்கு வரும். அதைப் பார்த்த கையோடு, வீடு நனையாத ஒருவர் கேட்பார்: "உந்தப் பள்ளத்துக்குள்ள ஏன் போய்க் குடியிருக்கினம்?"

2005 ஓகஸ்ட் 29 ஆம் திகதி கத்ரீனா சூறாவளி அடித்து, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருக்கிற நியூ ஓர்லியன்ஸ் என்ற துறைமுக நகரத்தின் 80 வீதம் தண்ணீருக்குள் போனபோது, இதே கேள்வியை ஒரு முழு நகரத்தைப் பார்த்துக் கேட்டார்கள். சனம் இன்னும் கூரைகளின் மேல் நின்று ஹெலிகொப்டருக்குக் கை காட்டிக்கொண்டிருந்த அந்த வாரத்திலேயே, அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் டெனிஸ் ஹாஸ்டர்ட், கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற நகரத்துக்கு இவ்வளவு பணத்தைக் கொட்டுவதில் தனக்கு நியாயம் தெரியவில்லை என்ற கருத்தைச் சொன்னார். பிறகு தான் அப்படிச் சொல்ல வரவில்லை என்று விளக்கம் கொடுத்தார், ஆனால் கேள்வி அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது.

எங்களிடையே அந்தக் கதை வந்தாலும் "கடல் மட்டத்துக்குக் கீழ ஊரைக் கட்டினால் மூழ்கத்தானே செய்யும்" என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறோம். அந்த வசனத்துக்குள் மூன்று பிழை இருக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் திரும்பக் கட்டுவதா வேண்டாமா என்ற விவாதமே விளங்கத் தொடங்கும். நான்கு பக்கமும் கடலும் கடல்நீரேரியுமாக இருக்கிற எங்களுக்கு அது கட்டாயம் விளங்க வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதல் பிழை: ஊர் முழுவதும் பள்ளம் என்று நினைப்பது

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். வெங்காயப் பாத்திக்கு வாய்க்காலில் கலங்கல் தண்ணீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வேகமாக ஓடுகிற தண்ணீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். வாய்க்கால் நிரம்பி வரம்புக்கு மேலால் வழிந்தால், வழிந்த இடத்தில் வேகம் விழுந்துவிடும், வேகம் விழுந்தவுடன் பாரமான மண் அங்கேயே படியும், மெல்லிய களி மட்டும் தூரத்துக்குப் போகும். இப்படிப் பல தடவை வழிந்தால் வாய்க்காலின் இரண்டு பக்கமும் தானாகவே மேடாகிவிடும், வாய்க்காலை விட்டுத் தள்ளிப் போகப் போக நிலம் சரிந்திருக்கும்.

மிசிசிப்பி ஆறு இதையே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்தது. ஆறு தன் வெள்ளத்தாலேயே போட்டுக்கொண்ட இந்த மேட்டுக் கரைக்குப் புவியியலில் இயற்கை உயரணை என்று பெயர். ஆறு கடலைச் சேருகிற இடத்தில் இப்படி வண்டல் படிந்து படிந்து உருவான நிலம் முழுவதும் கழிமுகம். 1718 இல் பிரெஞ்சுக்காரர் நகரத்தைத் தொடங்கியது அந்த உயரணையின் மேல்தான். இன்று சுற்றுலாப் பயணிகள் போகிற பிரெஞ்சுக் குவாட்டர் என்ற அந்தப் பழைய பகுதி, கத்ரீனாவின்போது பெரும்பாலும் மூழ்கவே இல்லை. முதலில் வந்தவர்கள் மேட்டைப் பார்த்துத்தான் கட்டினார்கள்.

எங்கள் மண் சுண்ணக்கல், கழிமுகம் இல்லை. ஆறு என்று சொல்லவும் மாரிக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாறுதான் இருக்கிறது. ஆனாலும் மேட்டுக்காணி, பள்ளக்காணி என்ற பேச்சு எங்களுக்குப் புதிதில்லை, ஒரே ஊரில் ஒரு ஒழுங்கை காய்ந்து கிடக்க அடுத்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருக்கிறோம். நியூ ஓர்லியன்சும் அப்படித்தான், அங்கே நிலத்தில் ஏறக்குறையப் பாதி இன்றும் கடல் மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்கிறது.

இதுவரை பார்த்தது: ஆற்றை ஒட்டிய நிலம் மேடு, ஆற்றை விட்டு விலகி, நகரத்தின் வடக்கே கடலோடு தொடுத்திருக்கிற பொன்சட்ரேன் ஏரிப் பக்கம் போகப் போகப் பள்ளம். "அந்த ஊரைத் திரும்பக் கட்டலாமா" என்று கேட்டால், ஊரின் எந்தப் பகுதியை என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பிழை: பள்ளத்தில் போய்க் கட்டினார்கள் என்பது

இதற்கும் தோட்டத்திலிருந்தே ஒரு உதாரணம். பனையோலை தாழ்ப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிடங்கு வெட்டி, ஓலையை அடுக்கி, மண்ணால் மூடிவிடுவோம். மூடின அன்றைக்கு அந்த இடம் மேடாக நிற்கும். அடுத்த மாரி முடியப் போய்ப் பார்த்தால் பதிந்து போயிருக்கும், ஓலை மக்கிவிட்டது, மக்கின அளவுக்கு மண் இறங்கிவிட்டது.

உயரணைக்குப் பின்னால், பொன்சட்ரேன் ஏரி வரைக்கும், ஒருகாலத்தில் இருந்தது மரங்கள் அடர்ந்த சதுப்பு. பல நூற்றாண்டாக விழுந்த இலையும் வேரும் மரமும் சேற்றுக்குள்ளேயே கிடந்தன. தண்ணீருக்குள் காற்றுப் புகாததால் அவை அவ்வளவாக மக்கவில்லை. 1900 களின் தொடக்கத்தில் நகரசபை அந்தச் சதுப்பை வற்றவைக்கத் தொடங்கியது. ஆல்பர்ட் பால்ட்வின் வுட் என்ற பொறியியலாளர் 1913 இல் வடிவமைத்த பிரமாண்டமான பம்ப்புகள் சதுப்பின் தண்ணீரை இறைத்துத் தள்ளின. நிலம் காய்ந்தது, தெரு வந்தது, வீடு வந்தது. அந்தக் காலத்தில் அதைப் பெரிய வெற்றி என்று கொண்டாடினார்கள், நுளம்பும் காய்ச்சலும் குறைந்ததும் உண்மை.

ஆனால் காய்ந்த மண்ணுக்குள் காற்றுப் புகுந்தது. இவ்வளவு காலமும் மக்காமல் கிடந்தது மக்கத் தொடங்கியது, தண்ணீர் போன இடைவெளிகள் அமுங்கின, ஊர் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. இதைத்தான் நிலந்தாழ்தல் என்கிறோம். வீடு கட்டும்போது ஏறக்குறையக் கடல் மட்டத்தில் இருந்த காணி, இரண்டு மூன்று தலைமுறைக்குள் சில இடங்களில் ஆறடிக்கும் கீழே போய்விட்டது. தாழ்ந்த காணியில் மழைத் தண்ணீர் தானாக வடியாது, ஆகவே இன்னும் இறைக்க வேண்டும், இன்னும் இறைத்தால் இன்னும் காயும், இன்னும் காய்ந்தால் இன்னும் தாழும். இந்தச் சுழல் இன்றும் முடியவில்லை.

ஆற்றங்கரையில் மனிதர் போட்ட கட்டும் இதற்குள் ஒரு பங்காளிதான். கட்டு வந்தபின் ஆறு வழிவதில்லை, வழியாததால் புதிய வண்டல் நிலத்துக்கு வருவதில்லை, வண்டல் நேராகக் கடலுக்குள் போய் விழுகிறது. வண்டல் கிடைக்காத கரையோரச் சதுப்பு கரைகிறது. எண்ணெய்க் கம்பனிகளும் கப்பல் போக்குவரத்தும் அந்தச் சதுப்புக்குள் வெட்டின கால்வாய்கள் கரைவதை இன்னும் வேகப்படுத்தின. 1930 களிலிருந்து லூசியானாக் கரையோரம் இழந்த நிலம் ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீட்டர். எங்கள் யாழ்ப்பாண மாவட்டம் முழுவதுமே ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டுகிற சதுர கிலோமீட்டர்தான், கணக்குப் பண்ணிப் பாருங்கள். கடலுக்கும் நகரத்துக்கும் நடுவில் வேலியாக இருந்த நிலம் அது.

இரண்டாவது பிழைக்கு விடை இதுதான்: சனம் பள்ளத்தைத் தேடிப் போய்க் குடியேறவில்லை. அரசு வற்றவைத்து, வரைபடம் போட்டு, உறுதி எழுதி விற்ற காணி, அவர்கள் குடியிருக்கக் குடியிருக்கக் காலுக்குக் கீழே இறங்கியது.

மூன்றாவது பிழை: பள்ளமாக இருந்ததால் மூழ்கியது என்பது

முதலில் கடல் எப்படி ஏறியது என்று பார்ப்போம். தட்டையான கோப்பையில் தேத்தண்ணியை ஊற்றி ஒரு பக்கத்திலிருந்து ஊதினால், தேத்தண்ணி மறுபக்கம் போய்க் குவியும். சூறாவளிக் காற்று கடலை அப்படித்தான் கரைக்குத் தள்ளுகிறது, கரையோரக் கடல் ஆழம் குறைவாக இருந்தால் குவியல் இன்னும் உயரும். இதற்குப் புயல் எழுச்சி என்று பெயர். 2004 இல் நாங்கள் கண்ட சுனாமி வேறு, அது கடலடி நிலநடுக்கத்தால் வந்த அலை. புயல் எழுச்சியில் கடல் மட்டமே உயர்ந்து, சில மணித்தியாலம் அப்படியே நிற்கும்.

அந்தத் தண்ணீர் பொன்சட்ரேன் ஏரிக்குள் ஏறி, ஏரியிலிருந்து நகரத்துக்குள் நீளுகிற வடிகால் கால்வாய்களுக்குள் வந்தது. கால்வாயின் இரண்டு பக்கமும் தடுப்புக்கட்டு இருந்தது. குளக்கட்டு மாதிரி மண்ணால் போட்ட கட்டு, அதன் மேல் கொங்கிரீட் சுவர்.

இந்த இடத்தில் ஒரு வித்தியாசம் மிக முக்கியம், வன்னியில் குளத்தடியில் வளர்ந்த யாருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. குளம் நிரம்பி வான் பாய்வது ஒன்று, குளக்கட்டு உடைப்பெடுப்பது இன்னொன்று. வான் பாய்ந்தால் மேலதிகத் தண்ணீர் மட்டும் வரும், மழை விட்டதும் குறையும். கட்டு உடைந்தால் குளமே வரும்.

நியூ ஓர்லியன்சில் இரண்டும் நடந்தன. நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் பல இடங்களில் தண்ணீர் கட்டுக்கு மேலால் வழிந்து, வழிந்த தண்ணீர் கட்டை அரித்துக் கொண்டுபோனது. ஆனால் 17 ஆம் வீதிக் கால்வாயிலும் லண்டன் அவென்யூக் கால்வாயிலும் தண்ணீர் சுவரின் விளிம்பை எட்டவே இல்லை. சுவருக்குக் கீழே இருந்த இளக்கமான மண் நழுவி, சுவர் அப்படியே சாய்ந்துவிட்டது. தாங்க வேண்டிய அளவுத் தண்ணீரைக்கூட அது தாங்கவில்லை. எல்லாமாக 50 க்கும் மேற்பட்ட இடங்களில் உடைப்பு, உடைந்தபின் ஏரி மட்டமும் ஊர் மட்டமும் ஒன்றாகும் வரைக்கும் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது, பிறகு வாரக்கணக்கில் நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சுவர்களைக் கட்டியது அமெரிக்க இராணுவப் பொறியியலாளர் படை. தங்கள் வடிவமைப்பில் பிழை இருந்தது என்று 2006 இல் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

துறைமுகத்துக்கும் இதில் பங்கு உண்டு. கப்பல்கள் வளைந்து வளைந்து ஆற்றில் ஏறாமல் குறுக்கு வழியால் வரட்டும் என்று 1960 களில் சதுப்புக்குள்ளால் நேராக ஒரு கப்பல் கால்வாய் வெட்டினார்கள். எதிர்பார்த்த அளவுக்குக் கப்பல் வரவில்லை, உப்புத் தண்ணீர்தான் வந்தது, சதுப்பு மரங்கள் செத்தன, வேலியில் ஒரு பொட்டு விழுந்தது. 2009 இல்தான் அதைக் கல் போட்டு அடைத்தார்கள்.

"இயற்கை அழித்தது" என்று சொல்வதற்கும் "கட்டித் தந்த சுவர் உடைந்தது" என்று சொல்வதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். முதலாவது என்றால் உதவி என்பது இரக்கம். இரண்டாவது என்றால் அது கொடுக்க வேண்டிய கடன். திரும்பக் கட்டுவது பற்றிய சண்டையில் பாதி இந்த இரண்டு வசனத்துக்கும் இடையில்தான் நடந்தது.

நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறையா?

இல்லை, வெள்ளத்தைப் பற்றி இவ்வளவு ஆபத்தாகப் பிழைபட விளங்கிக்கொள்ளப்பட்ட சொல் வேறொன்று இருக்குமோ தெரியாது. ஒரு பையில் நூறு புளியங்கொட்டை போடுங்கள், அதில் ஒன்றுக்கு மட்டும் சுண்ணாம்பு பூசுங்கள். ஆண்டுக்கு ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் போடுங்கள். வெள்ளைக் கொட்டை வந்தால் அந்த ஆண்டு வெள்ளம். இந்த ஆண்டு வந்ததால் அடுத்த ஆண்டு வராது என்று ஒன்றும் இல்லை, பை அதே பைதான். நூறாண்டு வெள்ளம் என்பது ஒவ்வொரு ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம், அவ்வளவுதான்.

ஒரு ஆண்டுக்கு ஒரு வீதம் என்றால் சின்னதாகத் தெரியும். 30 ஆண்டு கடனில் வீடு கட்டினால், கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அது வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 26 வீதம், நாலு வீட்டில் ஒரு வீடு மாதிரி. 70 ஆண்டு வாழ்நாளுக்குப் பார்த்தால் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி.

கத்ரீனாவுக்குப் பிறகு 1,400 கோடி டொலருக்கு மேல் செலவழித்து நகரத்தைச் சுற்றிப் புதிய கட்டுகளும், கடல் வாசலை அடைக்கும் பெரிய தடுப்பும், கால்வாய் வாய்களில் கதவும் பம்ப்பும் கட்டினார்கள். அவை தாங்குவதற்கென்று கணக்கிட்டது இந்த ஒரு வீத வெள்ளத்தைத்தான். 2021 இல், அதே ஓகஸ்ட் 29 ஆம் திகதி ஐடா சூறாவளி அடித்தபோது அவை தாங்கின (மின்சாரம் முழு நகரத்துக்கும் போய்விட்டது, அது வேறு துன்பம்). ஆனால் அதைவிடப் பெரிய வெள்ளமும் பைக்குள் இருக்கிறது. இன்னொன்று, தாழ்கிற மண்ணில் கட்டின கட்டும் தாழும், உயர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, திரும்பக் கட்டுவதா?

துறைமுகம் என்பது நினைத்த இடத்தில் தூக்கி வைக்கிற பொருள் இல்லை. அமெரிக்காவின் நடுப்பகுதியில் விளைகிற சோளமும் சோயாவும் படகுகளில் மிசிசிப்பி வழியே இறங்கி, ஆற்று வாயில்தான் கப்பலேற வேண்டும். அதனால் நியூ ஓர்லியன்ஸ் துறைமுகம் சில வாரங்களிலேயே வேலை தொடங்கிவிட்டது, நகரம் இருட்டில் கிடக்கும்போதே. துறைமுகத்தைக் காப்பாற்றலாமா என்று யாரும் விவாதிக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர், கிரேன் ஓட்டுகிறவர், அவர்களுக்குச் சோறு சமைக்கிறவர், அவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர் எல்லாம் எங்கே படுப்பது என்பதில்தான் விவாதம் வந்தது. "நகரத்தைக் கைவிடுவோம், துறைமுகத்தை வைத்துக்கொள்வோம்" என்று சொன்னவர்கள் இந்த இடத்தைத் தாண்டி யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

கட்டின ஊரும் உண்டு, கட்டாத ஊரும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் ஒரு தீவில் இருந்த பெரிய துறைமுகம். 1900 செப்டெம்பர் 8 ஆம் திகதிச் சூறாவளியில் ஆறாயிரம் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அந்தச் சனம் 17 அடி உயரக் கடற்சுவர் கட்டியதோடு நிற்கவில்லை. ஏறக்குறைய 2,000 கட்டடங்களை, தேவாலயங்களையும் சேர்த்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கடல் மணலைப் பம்ப் பண்ணி நிரப்பி, ஊரின் நிலத்தையே உயர்த்தினார்கள். 1915 இல் இன்னொரு பெரும் சூறாவளி வந்தபோது சுவர் தாங்கியது. ஊர் பிழைத்தது. ஆனால் துறைமுகத்தின் முதன்மை போய்விட்டது, 1914 இல் ஹூஸ்டனுக்கு ஆழமான கப்பல் கால்வாய் திறந்தபின் வியாபாரம் உள்நாட்டுக்கு நகர்ந்துவிட்டது.

கட்டாத ஊர் எங்களுக்கு மிகக் கிட்டே இருக்கிறது. தனுஷ்கோடி. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி அங்கே இறங்கி, ரயில் பிடித்துச் சென்னைக்குப் போன கதைகளை எங்கள் பாட்டன் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். துறைமுகம், ரயில் நிலையம், சுங்கம், தபாற்கந்தோர் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 ஆம் திகதி இரவு வந்த புயலும் கடலும் ஒரு பயணிகள் ரயிலை அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கொண்டுபோயின, ஊரையும் கொண்டுபோயின. அதே புயல் இந்தப் பக்கத்துக் கரையையும் விட்டுவைக்கவில்லை. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது, திரும்பக் கட்டவில்லை. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது.

ஒரு மணல் முனையில், இருபுறமும் கடலோடு, எந்தச் சுவரும் காப்பாற்றியிருக்க முடியாத இடம் அது, ஆகவே அந்த முடிவு சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அறிவிப்புக்குப் பிறகும் மீன்பிடிக் குடும்பங்கள் அங்கே போய்க் கொட்டில் போட்டு வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள், ஏனென்றால் மீன் அங்கே இருக்கிறது. "கட்டுவதில்லை" என்று முடிவெடுத்தால் சனம் இல்லாமல் போய்விடாது. தண்ணீர்க் குழாயும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும்தான் இல்லாமல் போகும்.

ஆகவே, கட்டுவது கட்டாதது என்று இரண்டே பதில் கிடையாது. துறைமுகத்தை வைத்து ஊரை நகர்த்தலாம், ஊரை வைத்துத் துறைமுகத்தை இழக்கலாம், ஊரின் ஒரு பகுதியை மட்டும் விடலாம். கடைசியாகச் சொன்னதுதான் புத்தியான வழி மாதிரித் தெரியும், நடத்துவதற்கு மிகக் கஷ்டமானதும் அதுதான்.

வரைபடத்தில் ஒரு பச்சை வட்டம்

2006 ஜனவரியில் நியூ ஓர்லியன்ஸ் மேயர் அமைத்த ஆணைக்குழு ஒரு திட்டத்தை வெளியிட்டது. அதிகம் மூழ்கிய பகுதிகளில் சில மாதங்களுக்குக் கட்டட அனுமதி கொடுக்காமல் நிறுத்துவது, போதிய சனம் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது, வராத இடங்களை வெள்ளநீர் தங்கும் பூங்காவாக விடுவது. பத்திரிகையில் வந்த வரைபடத்தில் அந்த இடங்களைப் பச்சை வட்டங்களாகக் காட்டியிருந்தார்கள். வேறு ஊர்களில் உறவினர் வீட்டிலும் முகாமிலும் இருந்த குடும்பங்கள் தங்கள் வீட்டின் மேல் பச்சை வட்டம் இருப்பதைப் பத்திரிகையில்தான் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை, காணிக்கு என்ன தருவோம் என்றும் சொல்லவில்லை. வட்டத்துக்குள் இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவர். ஊர் கொந்தளித்தது, மேயர் பின்வாங்கினார், யாரும் எங்கேயும் கட்டலாம் என்று ஆனது.

இங்கே எங்களுக்கும் ஒரு கோடு நினைவுக்கு வரும். சுனாமிக்குப் பிறகு, 2005 இல், தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரைக்கும் கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. கோடு போட்டதன் காரணம் நல்லதுதான். ஆனால் உடுத்துறையிலோ மணற்காட்டிலோ கரைவலை இழுக்கிற ஒருவருக்கு 200 மீற்றர் தள்ளி என்றால் வலைக்கும் வள்ளத்துக்கும் யார் காவல், அங்கே காணி யாருடையது, கிணறு நல்ல தண்ணீரா என்ற கேள்விகள் வரும். அதே ஆண்டு முடிவதற்குள் கோட்டைத் தளர்த்த வேண்டி வந்தது. அறிவியல் பிழை என்று கோடு தோற்கவில்லை, கோட்டுக்குள் இருந்தவருக்குப் பதில் சொல்லாததால் தோற்றது.

அனுமதி எல்லாருக்கும் என்றாலும் பணம் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கிடைக்கவில்லை. லூசியானாவில் வீட்டுச் சொந்தக்காரருக்கு உதவ "ரோட் ஹோம்" என்ற திட்டம் வந்தது. வீட்டின் வெள்ளத்துக்கு முந்திய சந்தைப் பெறுமதி, திருத்துகிற செலவு, இந்த இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கணக்கு. கேட்க நியாயமாக இருக்கும். எங்கள் காசில் ஒரு உதாரணம் போடுகிறேன்: ஒரே அளவான இரண்டு வீடு, இரண்டையும் திருத்த 80 இலட்சம் வேண்டும். நல்ல பகுதி என்று பெயரெடுத்த இடத்து வீட்டின் பெறுமதி ஒரு கோடி, அவருக்கு 80 இலட்சக் கணக்கு. ஏழைப் பகுதி வீட்டின் பெறுமதி 40 இலட்சம், அவருக்கு 40 இலட்சக் கணக்கு. கூரைத் தகடும் சீமெந்தும் இருவருக்கும் ஒரே விலை. இரண்டாமவர் பாதி வீட்டோடு நிற்பார். பல ஆண்டு வழக்குக்குப் பிறகு 2011 இல் சமரசம் ஆனது, அதற்குள் பலர் வேறு ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள்.

உறுதிப் பிரச்சினையும் இருந்தது. பாட்டன் பெயரில் இருக்கிற காணி, பங்கு பிரிக்காமல் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பு, வெள்ளம் வந்தபின் சொந்தக்காரர் யார் என்று காட்டக் கடதாசி இல்லை, கடதாசி இல்லாவிட்டால் உதவி இல்லை. இதை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை, இடம்பெயர்ந்து திரும்பின ஒவ்வொரு ஊரிலும் இந்தக் கதை இருக்கிறது.

விளைவு என்னவென்றால், சில தெருக்களில் பத்துக் காணிக்கு இரண்டு வீடு. இரண்டு வீட்டுக்காகத் தெருவிளக்கும் குழாயும் குப்பை வண்டியும் முழுத் தெருவுக்கும் போக வேண்டும். 2000 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 484,674 பேர் இருந்த நகரத்தில் 2010 இல் 343,829 பேர். லோவர் நைன்த் வார்ட் என்ற பகுதியில் வீடு போய், வாசல் படிக்கட்டு மட்டும் புல்லுக்குள் நிற்கிற காணிகள் உண்டு. எங்கள் பக்கம் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சின வளவுகள் மாதிரி.

இதன் சுருக்கம் இவ்வளவுதான்: கோட்டை மட்டும் போட்டுக் காணிக்குப் பதில் சொல்லாவிட்டால் சனம் எதிர்க்கும், கோடே போடாவிட்டால் பணம் உள்ளவர் மட்டும் திரும்புவார்.

தண்ணீர் எங்கே போகும்?

பம்ப்பை மட்டும் நம்பியதால்தான் நிலம் தாழ்ந்தது என்பது மெல்ல உறைத்தது. ஒல்லாந்துப் பொறியியலாளர்களையும் கூட்டிவைத்துக் கதைத்து, 2013 இல் நியூ ஓர்லியன்சுக்கு ஒரு நீர்த் திட்டம் தயாரித்தார்கள். மழை விழுந்தவுடன் இறைத்துத் தள்ளாமல், வெறும் காணிகளிலும் பூங்காக்களிலும் கொஞ்ச நேரம் தங்கவைத்து மண்ணுக்குள் இறங்கவிடுவது. மண் ஈரமாக இருந்தால் தாழ்வது குறையும். ஜென்டிலி என்ற பகுதியில் அந்த வேலைகள் தொடங்கின, மெதுவாகத்தான் நடக்கின்றன.

ஒல்லாந்தரைக் கூப்பிட்டு அவர்கள் படித்த அதே பாடத்தை எங்கள் ஊர் குளங்களாக வெட்டி வைத்திருந்தது. ஆரியகுளம், புல்லுக்குளம், இன்னும் பெயர் மறந்த எத்தனையோ குளமும் கேணியும் குட்டையும் மாரித் தண்ணீரை ஏந்தி, சுண்ணக்கல்லுக்குள் இறக்கி, கோடைக்குக் கிணற்றில் தந்தன, நல்ல தண்ணீரின் பாரத்தால் உப்புத் தண்ணீரைக் கீழே அமுக்கியும் வைத்தன. குளத்தை மூடினால் வெள்ளமும் வரும், கிணறும் உப்பாகும். 2008 நவம்பரில் நிஷா புயலோடு வந்த மழையில் ஊர் ஊராகத் தண்ணீர் நின்றபோது, அது பெரும்பாலும் தன் பழைய இடத்தில்தான் நின்றது என்று எங்கள் பக்கத்து முதியவர்கள் கை நீட்டிக் காட்டினார்கள்.

எங்கள் ஒழுங்கையின் முடிவில் நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஒரு குட்டை இருந்தது, எருமைகள் கிடக்கும். அதை மூடி, துண்டு துண்டாக விற்று, இப்போது ஆறு வீடு. கடைசித் துண்டை வாங்கின அக்கா வெளியூர், அங்கே குட்டை இருந்தது என்று அவவுக்கு யாரும் சொல்லவில்லை, உறுதியிலும் இல்லை. முதல் மாரியிலேயே வீட்டுக்குள் தண்ணீர். நகையை அடகு வைத்து முற்றத்துக்கு ஏழு லோட் மண் பறித்து, வாசலையும் மூன்று வரி உயர்த்தினார். போன மாரியில் அவவின் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டுக்குள் வந்தது. இந்தக் கிழமை பக்கத்து வீட்டு வாசலிலும் மண் லோட் ஒன்று பறித்துக் கிடக்கிறது, அதற்கடுத்த வீட்டு ஐயா மதிலடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.